42 மெஷின், 11 சார்ஜர்

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

இன்றோடு விண்டோஸ் 10-இன் கதை முடிந்தது. இனி வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராது. வேண்டுமானால் தனியாகப் பதிந்துகொண்டு இன்னும் ஒரு வருடம் இழுக்கலாம். பெரிய கம்பெனிகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. விண்டோஸ் 11 ஏற்ற இன்டெல் 8-ஆம் தலைமுறை சிப் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 2016, 2017-இல் வாங்கிய லேப்டாப்களில் 6-ஆம், 7-ஆம் தலைமுறைதான் இருக்கும். நன்றாக ஓடுகிற ஆட்டோவை எஃப்.சி. (தகுதிச் சான்று) இல்லையென்று ஓரங்கட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டார்கள்.

மத்தியானம் ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றிலிருந்து போன். "சார், 42 லேப்டாப் இருக்கு. உங்க டிரஸ்ட் எடுத்துக்குமா? இந்த வாரமே இடத்தைக் காலி பண்ணணும்." வியாசர்பாடிப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் பயிற்சிக்காக இரண்டு வருடமாகக் கடிதம் மேல் கடிதம் போட்டும் அசையாத கம்பெனி அது. எங்கள் கடிதம் செய்யாத வேலையை மைக்ரோசாஃப்ட் செய்துவிட்டது.

அக்டோபர் 18, சனி

டாடா ஏஸில் போய் ஏற்றிக்கொண்டு வந்தோம். வாசலில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ரிப்பன் வேறு கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து எண்ணினால் மெஷின் 42, சார்ஜர் 11. மீதிச் சார்ஜர்களை யார் எடுத்துப் போனார்கள் என்று கேட்பது அழகல்ல. ஆபீஸில் சார்ஜர் காணாமல் போவது ஊரறிந்த விஷயம்.

ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். அது நியாயம், அவர்கள் டேட்டா அவர்களுக்கு. ஆனால் ஒன்றில் மட்டும் மறந்துவிட்டார்கள். ஸ்விட்சைப் போட்டதும் நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்டது. போன் பண்ணிச் சொன்னேன். எதிர்முனையில் குரலே மாறிவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் ஓர் ஆள் பெரம்பூருக்கு வந்து, டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு ஒட்டி, என்னிடம் மூன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். 42 மெஷின் வாங்கியதற்குக்கூட ஒரு கையெழுத்துதான் போட்டிருந்தேன்.

என் மனைவி ஹாலில் நின்று பார்த்துவிட்டு, "வீடா, காயலான் கடையா? தீபாவளிக்கு யாராவது வந்தா எங்க உட்காருவாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. என்னிடம்தான் பதில் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளிக்கு முந்தின நாள். பலகாரத்துக்கு உதவி செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக இருந்தேன். கணக்கு இது: டிஸ்க் போட்டால் உடனே ஓடக்கூடியவை 27. பயாஸ் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியவை 6. டிஸ்பிளே போனவை 4. பேட்டரி உப்பியவை 3. போர்டே செத்துப்போனவை 2.

உப்பிய பேட்டரி எப்படியிருக்கும் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். மூடினால் முழுதாக மூடாது. உள்ளே வெள்ளிப் பை அப்பளம் பொரிந்த மாதிரி புடைத்திருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது. பை கிழிந்தால் தீதான். முப்பது வருடம் சர்வீஸ் பார்த்தவன், இன்றும் அதை எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்கிறேன். மூன்றையும் ஒரு மணல் வாளியில் போட்டு மொட்டை மாடியில், மழை படாமல், நிழலில் வைத்தேன். மின்கழிவு எடுப்பவர்கள் தீபாவளிக்குப் பிறகுதான் வருவார்களாம். பட்டாசு நேரத்தில் மாடியில் இப்படி ஒரு வாளி.

அக்டோபர் 24, வெள்ளி

மழை கொஞ்சம் விட்டது. ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினாலே, "சார், லேப்டாப்பா? சிசிடிவியா? என்ன வேணும் சார்?" என்று தோளைத் தொடுவார்கள். இருபத்தைந்து வயதில் இங்கே கேபிள் சுமந்திருக்கிறேன். இப்போது என்னையே வாடிக்கையாளர் என்று கூப்பிடுகிறார்கள்.

சார்ஜர் வாங்குவது தனிக் கலை. லெனோவாவுக்கு 20 வோல்ட், தட்டையான மஞ்சள் முனை. டெல்லுக்கு 19.5 வோல்ட், வட்ட முனை, நடுவில் முடி மாதிரி ஓர் ஊசி. கரண்ட் போவதென்னவோ சுற்றியுள்ள உலோகத்தில்தான். அந்த ஊசி, "நான் உன் ஆள்தான்" என்று மெஷினுக்குச் சொல்வதற்கு. ஊசி வளைந்திருந்தாலோ டூப்ளிகேட் சார்ஜராக இருந்தாலோ மெஷின் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறைந்துவிடும். இது தெரியாமல் "மெஷின் ஸ்லோ" என்று தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் கேட்டேன். போன மாதம் சொன்ன விலை இல்லை. "ஏறிக்கிட்டே இருக்கு சார். ரேமும் அப்படித்தான். எல்லாம் ஏ.ஐ. சர்வருக்குப் போவுது" என்றார் கடைக்காரர். உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகளுக்கும் வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கும் ஒரே கடையில் வரிசை. எங்கள் முறை எப்போது வரும் என்று கேட்கவே வேண்டாம். முப்பது டிஸ்க் எடுக்க நினைத்த பணத்தில் இருபத்தாறுதான் கிடைத்தது.

அக்டோபர் 29, புதன்

பூட்டிய ஆறும் திறந்துவிட்டன! இந்த பாஸ்வேர்டு, உள்ளே இருக்கும் காசு மாதிரிச் சின்ன பேட்டரியைக் கழற்றினால் போகிற ரகமில்லை; போர்டில் தனிச் சிப்பில் உட்கார்ந்திருக்கும். கம்பெனியில் கேட்டால், போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். அவர் இப்போது பெங்களூரில். நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே, "சார், அந்த வருஷம் தல படம் ரிலீஸ்" என்று ஆரம்பித்து பாஸ்வேர்டைச் சொன்னார். ஆறுக்கும் அதேதான்.

நவம்பர் 1, சனி

முதல் வகுப்பு. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. 26 பேர். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள், மாலைக் கல்லூரியில் படிப்பவர்கள்.

பத்து நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். 65 வாட் சார்ஜர் இருபத்திநாலு என்றால் 1,560 வாட். அத்தனையையும் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷனாக ஒரே 6 ஆம்ப் பிளக்கில் சொருகியிருக்கிறேன். ஹார்டுவேர்க்காரன் செய்கிற வேலையா இது? வரிசை வரிசையாகப் பிரித்து, பாதிப் பேர் சார்ஜரில், பாதிப் பேர் பேட்டரியில் என்று ஓட்டினோம்.

திரையைப் பார்த்ததும் முதல் கேள்வி: "இதுல விண்டோஸ் இல்லியா சார்?" லினக்ஸ் மின்ட் என்றேன். அடுத்த கேள்வி: "அப்ப ஃப்ரீ ஃபயர் ஏறாதா?" கேட்டவன் கேரம் பையன். பெயர் இருக்கிறது, ஆனால் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-இல் அமெரிக்கா போய்க் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கி வந்த பிறகு, இந்தப் பக்கத்தில் கேரம் போர்டைச் சும்மா பொழுதுபோக்கு என்று யாரும் சொல்வதில்லை. இவன் அப்பாவும் ஆட்டோதான்.

நான் எதிர்பார்க்காத ஒன்று. இந்தப் பிள்ளைகள் போனில் வீடியோ வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்ப்பதை நான் வாய் பிளந்து பார்க்கிறேன். ஆனால் 'ஃபோல்டர்' என்றால் தெரியவில்லை. சேமித்த ஃபைல் ஓர் இடத்தில் இருக்கிறது, அந்த இடத்துக்கு ஒரு பெயர் உண்டு, போய்த் தேடி எடுக்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் புதிது. போனில் எல்லாமே கண்ணெதிரே வந்து நிற்கும். யாரும் எங்கும் தேடிப் போனதில்லை. பாதி வகுப்பு "எங்க சார் போச்சு?" என்பதிலேயே போனது. மவுஸ் வலது பொத்தானைக் கண்டுபிடித்ததும் ஒரு பெண் அடுத்த அரை மணி நேரம் எதைப் பார்த்தாலும் அதன் மேல் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

தமிழ் 99 விசைப்பலகை. எங்கள் டிரஸ்டின் மேடம், "இங்கிலீஷ் டைப்பிங் வந்தா வேலை கிடைக்கும், தமிழ் எதுக்கு?" என்றார். நான் பிடிவாதமாகச் சேர்த்தேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் முடிவானது இது. போனில் தங்லீஷில் அடிக்கிற பழக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

உயிரெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரு மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று அடிக்க நாலே தட்டு: அ, ம, ம, ஆ. வகுப்பில் ஒரு மீன்காரம்மாவின் மகள் அதை அடித்துவிட்டு, அழித்துவிட்டு, மறுபடி அடித்தாள். "புள்ளி நான் வைக்கலியே சார்?" என்றாள். அதுவே வைத்துக்கொள்ளும் என்றேன். பிறகு அப்பா, அக்கா, அண்ணன் என்று குடும்பம் முழுவதையும் அடித்துப் பார்த்தாள். அண்ணனில் இரட்டை ண வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 8, சனி

இன்று வகுப்பு முடிந்ததும் சண்டை. மெஷினைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதா, பீரோவில் பூட்டி வைப்பதா?

மேடம் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாமீன் இல்லாமல் குடை கூடத் தரமாட்டார். "ஒரு வாரத்துல பத்து மெஷின் அடகுக் கடையில இருக்கும். நன்கொடை கொடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அவர் பயம் பொய்யில்லை. நான் சொன்னது: வாரத்துக்கு நாலு மணி நேரம் தொட்டால் ஒரு தொழிலும் கை படியாது. சைக்கிளைக் கடையிலேயே வைத்துக்கொண்டு யாராவது சைக்கிள் கற்றுக்கொண்டதுண்டா? 2011 செப்டம்பர் 15-இல் ஜெயலலிதா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோதும் ஊர் முழுக்க இதையே சொன்னது, "வித்துடுவாங்க" என்று. சிலர் விற்கவும் செய்தார்கள். என் அக்கா மகன் விற்கவில்லை. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டு வந்த அந்த அரசு மெஷினில்தான் அவன் முதலில் கமாண்ட் தட்டினான். இன்று அவன் சம்பளம் மேடத்தின் பென்ஷனை விட அதிகம். (இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.)

கடைசியில் ஒரு பக்க ஒப்பந்தம், தமிழில். வகுப்புக்கு ஒழுங்காக வந்தால் ஒரு வருடம் கழித்து மெஷின் அவர்களுக்கே. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

26-ம் போயின. பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்த மாதிரி இருந்தது. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

நவம்பர் 23, ஞாயிறு

நாலைந்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். ஹவுசிங் போர்டு வீட்டில் ஹாலில் இருப்பது ஒரு பிளக் பாயின்ட். அதில் டிவி, செட்டாப் பாக்ஸ், போன் சார்ஜர், காலையில் மிக்ஸி. லேப்டாப்பின் முறை இரவு பத்தரைக்கு மேல்தான். இன்டர்நெட் போன் ஹாட்ஸ்பாட்டில். ஒரு நாளுக்கான டேட்டாவை சாயங்காலத்துக்குள் தம்பி ரீல்ஸ் பார்த்தே முடித்துவிடுகிறான். நாங்கள் பாடத்தை வீடியோ லிங்காக அனுப்பியது எவ்வளவு முட்டாள்தனம்! இனி பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

மீன்காரம்மா மகள் ஒரு புதுப் பேச்சை எடுத்தாள். தெருமுனை ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்ய ஆள் தேவையாம். ஒரு டிசைனுக்கு 150 ரூபாய். பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. "ஆனா கோரல்ல வேணுமாம் சார். பாமினில அடிக்கணுமாம்." கோரல்டிரா லினக்ஸில் ஓடாது. பாமினி பழைய எழுத்துரு. அது இல்லாத மெஷினில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். ஆனாலும் பழைய கோரலில் யூனிகோடு ஒழுங்காக நிற்காததால் கடைகள் பாமினியை விடவில்லை.

கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். அவருக்குக் கோரலும் வேண்டாம், லினக்ஸும் வேண்டாம். மெஷினில் எழுத்து உடையாமல் பிரிண்ட் வந்தால் போதும். "பி.டி.எஃப். கொடுத்தா அடிச்சுடுவேன் சார். எழுத்து மாறினா மட்டும் செத்த வூட்டுக்காரங்ககிட்ட அடி வாங்க என்னால முடியாது." சாயங்காலமே அவளுக்கு இங்க்ஸ்கேப் காட்டினேன். மீரா இனிமை, பலூ தம்பி, முக்தா மலர் என்று இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்களை ஏற்றினேன். வாசகத்தை அடித்து முடித்ததும் எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக மாற்றிவிட வேண்டும். பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் அது படம்தான். எழுத்துரு இல்லையென்று உடையாது. "மாத்தின பிறகு தப்பைத் திருத்த முடியாதா?" என்று உடனே கேட்டாள். அதனால்தான் மாற்றுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொன்னேன். ஃபோல்டர் எதற்கு என்று இன்றைக்குப் புரிந்திருக்கும்.

நவம்பர் 30, ஞாயிறு

கேரம் பையன் இரண்டு வாரமாக வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மேடம் ஒன்றும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 2, செவ்வாய்

டிட்வா புயல் இங்கே கரையேறாமலே சென்னையைச் சுற்றிக்கொண்டு கொட்டுகிறது. இரண்டு நாளாக வீட்டை விட்டு நகர முடியவில்லை. மழையில் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதையை நினைத்தால் அந்தப் பக்கம் போகும் எண்ணமே வராது. குரூப்பில் "எல்லாரும் மெஷினை உயரத்தில் வையுங்கள்" என்று போட்டேன். பதிலுக்குப் போட்டோக்கள் வந்தன. பீரோ மேல். பரண் மேல், பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவில். சாமி படத்துக்குப் பக்கத்தில். ஒரு பையன் வீட்டில் அரிசி டிரம்மைக் காலி செய்து, துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடியைத் திருகியிருந்தார்கள். அரிசி எங்கே என்று கேட்டேன். "குண்டான்ல சார்."

26 பேரில் 25 போட்டோ.

டிசம்பர் 7, ஞாயிறு

கேரம் பையனை கிளப்பில் பிடித்தேன். ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னான். அப்பா ஆட்டோவுக்கு எஃப்.சி. காட்ட வேண்டியிருந்தது. பெயின்ட், டயர், மீட்டர் எல்லாம் சேர்த்துக் கையில் இருந்தது போதவில்லை. மெஷினைச் செல் கடையில் வைத்து 4,000 வாங்கியிருக்கிறார்கள். "நான்தான் சார் எடுத்துக் கொடுத்தேன். அப்பா கேக்கல."

கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் போலீஸோ என்று எழுந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் நொந்துபோய் உட்கார்ந்தார். "நாலு பேருக்குக் காட்டினேன் சார். ஆன் பண்ணிப் பாத்துட்டு, விண்டோஸ் இல்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டுப் போறாங்க. எடுத்துட்டுப் போங்க சார், இடத்தை அடைக்குது." பதினைந்து வருடமாக லினக்ஸின் அருமை பெருமைகளை மேடை போட்டுச் சொல்லியிருக்கிறேன். திருட்டு விற்பனைக்குப் பூட்டாக அது உதவும் என்று ஒரு தடவையும் தோன்றியதில்லை.

ஆட்டோ ஓட ஆரம்பித்ததில் பையனின் அப்பா 2,000 சேர்த்து வைத்திருந்தார். மீதி 2,000 நான் கொடுத்தேன். கொடுக்கக் கூடாது என்று தெரியும். ஒருவனுக்குக் கொடுத்தால் 26 பேருக்கும் கொடுக்க வேண்டும். மேடத்திடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுவதோடு சரி. பையன் மட்டும் வாரம் 200 திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வகுப்புக்குப் போகும் வழியில் டீக்கடைச் சுவரில் புது ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. தெருவில் இட்லி விற்ற கிழவி. முகம் எனக்கும் தெரியும். ரோஜாப் பூ, இரண்டு புறா, எரிகிற விளக்கு, பேரன் பேத்திகள் பதினொரு பேர் வட்ட வட்டமாக. பின்னணி ஊதா. எனக்குக் கண்ணைப் பறித்தது, ஆனால் இந்தத் தெருவில் சாவுக்கும் கலர் வேண்டும். நான் எழுத்தைத்தான் பார்த்தேன். 'ஆழ்ந்த' என்பதில் ழ் சரியாக இருந்தது. புள்ளிகளெல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. 'வருத்தத்துடன்' என்பதில் ஒரு த குறைந்திருந்தது. இரண்டு த அடுத்தடுத்து வருவதில் ஒன்றை விட்டிருக்கிறாள்.

வகுப்பில் முதல் வேலையாக, "பாத்தீங்களா சார்?" என்றாள். பார்த்தேன் என்றேன். "தப்பு இருக்கு. நேத்து ராத்திரி மாட்டின பிறகுதான் தெரிஞ்சுது. பிரதி இருக்கு சார், திருத்திட்டேன். ஆனா அவங்க மறுபடி பிரிண்ட் போட மாட்டாங்களாம்." 150 ரூபாய் கிடைத்ததா என்று கேட்டேன். நூறு கொடுத்திருக்கிறார். தப்புக்கு ஐம்பது பிடித்துக்கொண்டாராம்.

பிறகு மெஷினைத் திருப்பிக் காட்டினாள். "பதினோரு போட்டோ சேத்தா தொங்குது சார். ஒண்ணொண்ணா மூடி மூடித் தொறக்கறேன். ரேம் ஏத்தலாமா?" அவளுடையது 4 ஜிபி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

ராத்திரி சாப்பிட்டதும் டிஸ்பிளே போன நாலையும், போர்டு செத்த இரண்டையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். ஐந்தாவதில்தான் கிடைத்தது: டிடிஆர்4, 4 ஜிபி, ஒரே குச்சி. தங்க முனையில் கொஞ்சம் கறுப்பு. மனைவி வீட்டுப்பாடம் திருத்தும் ரப்பரைக் கேட்டு வாங்கி, தேய்த்துத் துடைத்து, பால் கவரில் போடப் போனேன். ஸ்டாட்டிக் பிடிக்கும் என்று நினைவு வந்து, சாக்லேட் பெட்டியின் உள்தாளில் சுற்றிப் பையில் வைத்தேன்.